பொழுது சாயாத ஆட்டமும் பொறுப்பில்லாத பெத்தவங்களும்

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் இப்பெல்லாம் பெத்தவங்க வாயில ஒரே புலம்பல்தான். "பையன் எந்நேரமும் செல்லுலயே கெடக்கறானுங்க. கேம் கேம்னு பைத்தியமா அலையறான். சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறான். இந்த கவர்மெண்டு இதையெல்லாம் தடை பண்ணித் தொலைச்சா என்னங்க?" பக்கத்துல இருக்கறவங்களும் ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டுவாங்க. கம்பெனிக்காரனைத் திட்டுவாங்க, சீனாக்காரனைத் திட்டுவாங்க, வாத்தியாரையும் சேர்த்துத் திட்டுவாங்க. எல்லாம் முடிஞ்சு பந்தியில உட்கார்ந்ததும், மடியில இருக்கற மூணு வயசுக் குழந்தை சிணுங்கும். உடனே சட்டைப்பையில இருந்து போனை எடுத்துக் குழந்தை கையில திணிச்சுட்டு நிம்மதியா சாப்பிடுவாங்க.

எனக்குக் கோபம் வர்றது இந்த இடத்துலதான் நண்பர்களே. உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிடுச்சு. ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்குத் திரையே வேண்டாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு. நம்ம ஊர்ல போன் காட்டாம ஒரு வாய் சோறு ஊட்டுற வீடு எத்தனை இருக்குன்னு விரல் விட்டு எண்ணிடலாம்.

பிள்ளைங்களைத் திட்டுறதுக்காக இந்தப் பதிவை எழுதலை. அவங்களைத் திட்டத்தான் ஊரே இருக்கே. பெத்தவங்ககிட்டக் கொஞ்சம் கேட்க வேண்டியது இருக்கு. கசக்கத்தான் செய்யும். வேப்பம் புண்ணாக்கு மாதிரி நினைச்சுக்கோங்க.

முதல் கேள்வி. அந்தப் போன் பையன் கைக்கு எப்படி வந்துச்சு? 2020 மார்ச்ல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடினாங்க. ஆன்லைன் கிளாஸ்னு சொன்னாங்க. ஆட்டை வித்து, தோட்டை அடகு வெச்சுப் போன் வாங்கிக் குடுத்தீங்க. அது தப்பே கிடையாது, அன்னிக்கு வேற வழி இல்லை. 2021 நவம்பர் 1-ம் தேதி ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பெரிய கிளாஸெல்லாம் அதுக்கு முன்னாடியே திறந்தாச்சு. கிளாஸ் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போச்சு, போன் மட்டும் உங்க கைக்குத் திரும்பி வரலை. ஏன் வரலைன்னா, நீங்க கேட்கலை. பையன் சத்தம் போடாம ஒரு மூலையில உட்கார்ந்திருந்தது உங்களுக்கு வசதியா இருந்துச்சு. களை எடுக்கப் போகலாம், மில்லு ஷிப்டுக்குப் போகலாம், சீரியல் பார்க்கலாம். ஒரு ஆளுக்குக் கூலி குடுத்துப் பையனைப் பார்த்துக்கச் சொன்னா எவ்வளவு ஆகும்? அந்த வேலையைப் போன் இலவசமா செஞ்சுச்சு.

இலவசம்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் சூட்சுமம். எங்க பக்கம் பல்லடம், உடுமலைன்னு போனா வழி நெடுக கறிக்கோழிப் பண்ணை இருக்கும். கம்பெனி குஞ்சு குடுக்கும், தீவனம் குடுக்கும், மருந்து குடுக்கும். செட்டு நம்முது, தண்ணி நம்முது, கரண்டு பில்லு நம்முது, ராத்திரி முழிக்கிற கண்ணும் நம்முது. ராத்திரியிலயும் செட்டுக்குள்ள லைட்டு எரியும். எதுக்கு? குஞ்சுக்குப் பொழுது சாஞ்சதே தெரியக் கூடாது. தெரிஞ்சா தூங்கிடும், தீவனம் எடுக்காது, எடை ஏறாது. நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்ல எடை வந்துடணும்.

இந்த செல்போன் கேமும் அதே கணக்குதான். கேம் இலவசம். தினமும் உள்ள வந்தா ஒரு பரிசு, ஒரு நாள் வராம விட்டா பரிசு போச்சு. குறிப்பிட்ட தேதிக்குள்ள இத்தனை கட்டம் முடிச்சாத்தான் புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி. ஒரு பெட்டி தருவான், உள்ள என்ன இருக்குன்னு திறந்தாத்தான் தெரியும். பத்துத் தடவை குப்பை வரும், பதினொண்ணாவது தடவை நல்லது வரும். ஸ்கின்னர்னு அமெரிக்க உளவியல் அறிஞர் ஒருத்தர் புறாவை வெச்சு ஆராய்ச்சி பண்ணினார். கொத்துனா தீவனம் வரும், ஆனா எந்தக் கொத்துக்கு வரும்னு தெரியாது. அப்படி வெச்சா புறா ஓயாம கொத்திக்கிட்டே இருக்கும்னு கண்டுபிடிச்சார். சூதாட்ட மெஷின்ல நடக்கறதும் இதேதான், இந்தப் பெட்டியில நடக்கறதும் இதேதான். அதனாலதான் 2018-ல பெல்ஜியம் நாடு, காசு குடுத்துத் திறக்கற இந்தப் பெட்டி சூதாட்டம்தான்னு சொல்லிடுச்சு. 2022 டிசம்பர்ல ஃபோர்ட்நைட் கேம் நடத்துற எபிக் கம்பெனி, சின்னப் பிள்ளைங்க விவரத்தைச் சேகரிச்சதுக்கும், தெரியாம காசு செலவாகற மாதிரி பட்டனை வெச்சதுக்கும் 52 கோடி டாலர் கட்டறேன்னு அமெரிக்க அரசாங்கத்துகிட்ட ஒத்துக்கிச்சு.

"பார்த்தீங்களா, கம்பெனிக்காரன்தானுங்களே குத்தவாளி"ன்னு இப்ப நீங்க சொல்லுவீங்க. குத்தவாளிதான், யார் இல்லைன்னா? ஆனா அவன் அவன் வேலையைச் சரியா செய்யறான். படிச்ச ஆளுங்களை நூத்துக்கணக்குல சம்பளத்துக்கு வெச்சு, உங்க பையனை எப்படி இன்னும் பத்து நிமிசம் உட்கார வைக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கான். உங்க வீட்ல அதைத் தடுக்கற வேலைக்கு எத்தனை பேர் இருக்கீங்க? ஒருத்தர்? அரைப் பேர்? செட்டு உங்க செட்டு. லைட்டை அணைக்கற சுவிட்சு உங்க கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு.

எங்க காலத்துல எல்லாம் அப்படி இல்லைன்னு பெருமை அடிக்கவும் நான் வரலை. கிட்டிப்புள் விளையாடிக் கண்ணு போனவன் இருக்கான், கிணத்துல குதிச்சு மேல வராதவன் இருக்கான், கோலிக்குண்டுல காசு கட்டி அப்பன் சட்டைப்பையில கை வெச்சவனும் இருக்கான். ஒரே ஒரு வித்தியாசம். அந்த ஆட்டத்துக்கெல்லாம் ஒரு முடிவு இருந்துச்சு. பொழுது சாஞ்சா புள்ளு கண்ணுக்குத் தெரியாது. எவனாவது ஒருத்தன் ஆத்தா வாசல்ல நின்னு கத்தும். ஒருத்தன் போனா ஆள் குறையும், ஆட்டம் கலைஞ்சுடும். செல்போன் ஆட்டத்துல பொழுதே சாயறதில்லை. நம்மூர்க்காரன் தூங்கப் போனா வேற நாட்டுக்காரன் ஆட வர்றான். ஆள் குறையறதே கிடையாது. தானா முடியாத ஆட்டத்தை யாராவது முடிச்சு வைக்கணும். அந்த யாராவதுதான் நீங்க.

கேம் ஆடுற எல்லாப் பிள்ளையும் கெட்டுப் போறதில்லை. இதையும் நியாயமா சொல்லணும். உலக சுகாதார நிறுவனம் கேம் விளையாட்டுக் கோளாறுன்னு ஒண்ணை நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு, 2022 ஜனவரில இருந்து அது நடைமுறையில இருக்கு. அதுல எத்தனை மணி நேரம் ஆடுனா நோய்னு கணக்கே போடலை. தன்னால நிறுத்த முடியலையா, மத்த எல்லாத்தையும் விட அதுதான் முக்கியம்னு ஆகிடுச்சா, படிப்பு கெட்டு உறவு கெட்டும் விடாம ஆடறானா, இந்த நிலைமை பொதுவா ஒரு வருசமாவது நீடிச்சிருக்கா. இதைத்தான் பார்க்கச் சொல்லுது. லீவு நாள்ல ரெண்டு மணி நேரம் ஆடுற பையனை நோயாளின்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியுதா, வகுப்புல தூங்கறான்னு வாத்தியார் சொல்றாரா, போனைப் பிடுங்குனா ஆத்தாளையே கை ஓங்கறானா, அப்ப சும்மா இருந்துடாதீங்க.

அடுத்தது இந்தத் தடைப் பேச்சு. கோரைப்புல்லை வயல்ல பார்த்திருப்பீங்க. மேல செதுக்குனா பத்து நாள்ல மறுபடி நிக்கும், கிழங்கு அடியில இருக்குதே. 2020 செப்டம்பர்ல பப்ஜியைத் தடை பண்ணினாங்க. பசங்க ஃப்ரீ ஃபயருக்குப் போனாங்க. 2021-ல பிஜிஎம்ஐன்னு வேற பேர்ல பப்ஜியே திரும்பி வந்துச்சு. 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயரைத் தடை பண்ணினாங்க, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அப்படியே இருந்துச்சு. அதே வருசம் ஜூலைல பிஜிஎம்ஐயை எடுத்தாங்க, 2023 மே மாசம் அது மறுபடி வந்துடுச்சு. சீனாவைப் பாருங்க. 2021 செப்டம்பர்ல இருந்து 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்ல மட்டும் ராத்திரி எட்டுல இருந்து ஒன்பது வரைக்கும்தான் ஆன்லைன் கேம் ஆடலாம்னு சட்டம். அங்கயும் பிள்ளைங்க தாத்தா பாட்டி பேர்ல உள்ள நுழையுது. எவ்வளவு பெரிய அரசாங்கம் சட்டம் போட்டாலும், வீட்டுக்குள்ள இருக்கற கிழங்கை அது தோண்டி எடுக்காது.

நம்மூர்க் கதையும் அதேதான். பிஜிஎம்ஐல 18 வயசுக்குக் கீழன்னு போட்டா பெத்தவங்க செல் நம்பரைக் கேட்கும், அனுமதி கேட்டு ஓடிபி வரும். ஓடிபி வர்ற அப்பன் போன் யார் கையில இருக்கு? அந்தப் பையன் கையிலயேதான். நல்லா இருக்குதுங்களா பாதுகாப்பு?

எங்களுக்கு அக்கட்டால ஒரு தோட்டத்துல நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம். ரெண்டு எருமை, ஒரு கறவை மாடு வெச்சுப் பால் ஊத்தற குடும்பம். பால் காசு பேங்க்ல விழும். உரம் வாங்கப் போன அன்னிக்குக் கார்டைப் போட்டா கணக்குல காசு இல்லை. பேங்க்காரன் ஏமாத்திட்டான், எவனோ திருடிட்டான்னு ஒரே சத்தம். புத்தகத்துல பதிஞ்சு பார்த்தா நாப்பது ரூபா, எண்பது ரூபா, நானூறு ரூபான்னு ரெண்டு மாசமா போயிருக்கு. ஒன்பதாவது படிக்கற பையன் கேம்ல டைமண்ட் வாங்கியிருக்கான். பையனைப் பெல்ட்டுல அடிச்சாங்க. நான் அந்த அப்பன்கிட்டக் கேட்டது ஒண்ணுதான். யூபிஐ ரகசிய நம்பர் பையனுக்கு எப்படிப்பா தெரியும்? "எனக்கு இந்தச் செல்லுல எல்லாம் அமுக்கத் தெரியாதுங்க. கடைக்குக் காசு அனுப்பறதெல்லாம் அவன்தான் பண்ணுவான்"னு சொன்னார்.

பதிமூணு வயசுப் பையன் கையில பெட்டிச் சாவியைக் குடுத்திருக்கார். அந்தப் பெட்டியில எவ்வளவு இருக்கு, அது எத்தனை நாள் பால், எத்தனை மூட்டை தவிடுன்னு மட்டும் சொல்லிக் குடுக்கலை. அவனுக்கு அது திரையில தெரியற ஒரு எண்ணு. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு மடி கழுவுற அவங்க அம்மா கை அதுல தெரியாது. அடி விழுந்தது சரியான ஆளுக்குத்தானா? நீங்களே சொல்லுங்க.

இன்னொரு ரகம் இருக்கு. பையனைக் கேம் ஆடாதேன்னு சொல்லிட்டு, மோட்டார் ரூம்ல உட்கார்ந்து ரம்மி ஆடுன அப்பன். தமிழ்நாட்ல 2023-ல ஆன்லைன் சூதாட்டத்துக்குச் சட்டம் வந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தைத் தடை பண்ணிச் சட்டம் போட்டுச்சு. அதுக்குள்ள எத்தனை குடும்பம் காடு கரையை வித்துச்சுன்னு ஊருக்கு ஊர் கதை இருக்கு. இப்ப அந்த அப்பன் ரம்மியை விட்டுட்டு ரீல்ஸ் பார்க்கறார். வாய்க்கா வரப்புல உட்கார்ந்து பார்க்கறார், தண்ணி அடுத்த காட்டுக்குப் பாயறதுகூடத் தெரியலை. அந்த அப்பன் வாயில இருந்து வர்ற அறிவுரையை எந்தப் பையன் கேட்பான்?

சரி, அந்தக் கிழங்கு என்னங்கறதுக்கு வர்றேன். எங்க பக்கம் ஒவ்வொரு குடும்பமும் அவங்கவங்க தோட்டத்துக்குள்ளதான் குடியிருக்கு. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுல ஏழெட்டு ஏக்கர். முன்னெல்லாம் வீட்டுக்கு நாலு பிள்ளை, இப்ப ஒண்ணு. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன காலத்துல சேர்ந்து போக ஆள் இருந்துச்சு. இப்ப காலையில ஏழரைக்கு இங்கிலீஷ் ஸ்கூல் வேன் வந்து அள்ளிக்கிட்டுப் போகுது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து இறக்குது. சித்த நேரம் ஓடி விளையாடலாம்னா யார்கூட? போனுக்குள்ளதான் அவன் கூட்டாளிங்க மூணு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.

அதை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. பையன் தோட்டத்துப் பக்கம் வந்தா, "நீ எதுக்கு இங்க வர்றே? போய்ப் படி. எங்களை மாதிரி மண்ணுல கெடந்து சாகாதே"ன்னு விரட்டறோம் இல்லைங்களா? பதினாலு வயசுப் பையன் கேமுக்குள்ள மேப் பார்க்கறான், நாலு பேரை வழி நடத்தறான், எங்க பதுங்கணும், யாரைக் காப்பாத்தணும்னு அவன்தான் முடிவு பண்றான். அவன் போகலைன்னா அந்தக் கூட்டமே தோத்துடும். அதே பையன் வீட்ல சொட்டுநீர் வால்வைத் திறக்கக்கூட நம்பிக்கைக்கு ஆகாதவன். "கையை வெக்காதே, கெடுத்துடுவே." விளையாட்டுக்குள்ள அவனுக்குப் பொறுப்பு இருக்கு, மரியாதை இருக்கு. நம்ம வீட்ல அவனுக்கு இருக்கறது மார்க்கு ஒண்ணுதான். எந்தப் பக்கம் போவான்?

"அப்ப படிப்பை விட்டுட்டு ஆடு மேய்க்கச் சொல்றீங்களா?"ன்னு கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்களை வேலைக்கு வைக்கறதை எதிர்க்கறவன் நான். தினமும் அரை மணி நேரம், அவனுக்கே அவனுக்குன்னு ஒரு பொறுப்பு. அதைத்தான் சொல்றேன். எங்க வீட்ல பிள்ளைங்களுக்குன்னு நாட்டுக்கோழி இருக்கு. அடை வெச்சா இருபத்தொரு நாள் கழிச்சுத்தான் குஞ்சு வரும். எத்தனை தடவை எட்டிப் பார்த்தாலும் இருபதாம் நாள் வராது. அந்தக் குஞ்சு முட்டை போட அஞ்சாறு மாசம். முட்டை வித்த காசு அவங்களோடது, கணக்கு நோட்டும் அவங்களோடது. கேம் ஒரு நிமிசத்துக்கு ஒரு பரிசு தருது. பயிரும் உயிரும் காத்திருந்தாத்தான் தரும். மஞ்சள் ஒன்பது மாசம், நெட்டைத் தென்னை ஆறேழு வருசம். காத்திருக்கப் பழகாத பிள்ளை நாளைக்கு விவசாயத்துக்கும் ஆகாது, ஏசி ரூம் வேலைக்கும் ஆகாது. எனக்கிருக்கற பெரிய வெசனமே அதுதான்.

என்ன செய்யலாம்னு கேட்கறவங்களுக்கு நாலு வார்த்தை.

ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்ல இருக்கற எல்லாப் போனும் ஒரே இடத்துல சார்ஜுக்குப் போகட்டும். அப்பன் போன், ஆத்தா போன் உட்பட. பையனுக்கு மட்டும் சட்டம் போட்டா அது எடுபடாது.

யூபிஐ நம்பரை இன்னிக்கே மாத்துங்க. அமுக்கத் தெரியலைன்னா பையன்கிட்டயே கத்துக்கோங்க, கத்துக்கிட்டதுக்கு அப்புறம் நம்பரை மாத்துங்க. பிளே ஸ்டோர்ல எது வாங்குனாலும் பாஸ்வேர்டு கேட்கற மாதிரி வெக்கலாம். ஆண்ட்ராய்டு போன்ல ஒவ்வொரு ஆப்புக்கும் நேர வரம்பு வெக்கலாம். உரக்கடையில லேபிள் படிக்காம மருந்து அடிக்கறீங்களா? இதையும் படிங்க.

பையன் என்ன ஆடறான்னு ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. கூட யார் ஆடறாங்க, யார்கிட்டப் பேசறான்னு கேளுங்க. முடிஞ்சா ஒரு ஆட்டம் நீங்களும் ஆடித் தோத்துப் போங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்ற வார்த்தைக்கு ஒரு எடை இருக்கும்.

திடீர்னு பிடுங்கி உடைக்காதீங்க. ஆட்டத்துக்கு நடுவுல போய்ப் பிடுங்குனா கூட்டாளிங்க முன்னாடி அவனுக்கு அவமானம். இந்த ஆட்டம் முடிஞ்சதும் குடுத்துடணும்னு முன்கூட்டியே பேசி வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

நிலைமை கை மீறிப் போச்சுன்னா வெட்கப்படாதீங்க. மந்திரிக்கப் போக வேண்டாம், அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாருங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ்ல 2014-லயே இதுக்குன்னு தனியா சிகிச்சைப் பிரிவு ஆரம்பிச்சுட்டாங்க. 14416-ங்கற மத்திய அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாத் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. மாட்டுக்கு ஒரு நாள் தீனி எடுக்கலைன்னா டாக்டரைக் கூப்பிடறோம். பெத்த பிள்ளை ஒரு வருசமா சரியாத் தூங்கலைன்னா?

கடைசியா ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு. பள்ளிக்கூட மைதானம் ஞாயித்துக்கிழமை பூட்டிக் கெடக்கு. மந்தைக்காடு பூராவும் கார் நிக்குது. பசங்களுக்குன்னு ஊருக்குள்ள ஒரு செண்டு நிலம் விட்டு வெக்காம, செல்லை விட்டுட்டு வெளிய வாடான்னா அவன் எங்க வருவான்? அடுத்த கிராமசபைக் கூட்டத்துல சாக்கடை, தெருவிளக்கோட சேர்த்து இதையும் கேளுங்க. ஞாயித்துக்கிழமை சாவியை யார் வாங்கறது, யார் கூட நிக்கறதுன்னு பெத்தவங்க முறை வெச்சுக்கோங்க. எங்க ஊருக்கு முதல் ஞாயித்துக்கிழமை நான் நிக்கறேன். ரெண்டாவது ஞாயிறுக்கு ஆள் வேணும். பெல்ட்டைக் கழட்டற கையி அதுக்கும் தூக்குங்க பார்க்கலாம்.